எல்லாம் ஆண்தான், அக்கா

கூபர் பீடி,
12 மே 1996

அன்புத் தம்பி யாகோவுக்கு,

யெல்கா அக்கா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு திட்டத்தான் போகிறேன். இடுப்பு வலி குறைந்ததா? தையல் பிரித்துவிட்டார்களா? என் பக்கத்து வீட்டு க்வென் சூப் கொண்டுவந்தால் மறுக்காமல் வாங்கிக் குடி. அதில் உப்பே இருக்காது. அவள் போன பிறகு போட்டுக்கொள்.

நேற்றுக் காலை வந்து சேர்ந்தேன். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு முட்டியும் வீங்கிவிட்டன. உன் சிநேகிதர் பந்தெலிஸ் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார். உன் வாசலில் நிறுத்தி, "உள்ள போங்க யெல்கா. குன்றுக்குள்ள வீடுன்னு பயப்படாதீங்க, இடிஞ்சு விழாது. விழுந்தாலும் உங்களுக்குத் தெரியவா போகுது?" என்றார். இது அவருக்கு வேடிக்கைப் பேச்சாம்!

ஜன்னலே இல்லாத வீட்டில் இருபது வருஷம் எப்படியடா இருந்தாய்? விளக்கை அணைத்தால் என் கையே எனக்குத் தெரியவில்லை. வளையில் எலி இருக்கும், நண்டு இருக்கும், என் தம்பியுமா இருப்பான்? சமையலறைக்குப் பின்னால் பாதி வெட்டி அப்படியே விட்டிருக்கிறாயே ஒரு குகை, பழைய டயரும் பெயிண்ட் டப்பாவுமாக, அது எதற்கு? கோழி அடைக்கவா?

உன் தாடி ஓணான் பார்பா சௌக்கியம். லாம்புக்கு அடியில் ராஜா மாதிரி கிடக்கிறது. என்னைப் பார்த்ததும் தாடியைக் கறுப்பாக்கி உப்பிக் காட்டியது. நானும் இடுப்பில் கைவைத்து நின்று முறைத்தேன். அதுதான் முதலில் கண்ணை மூடியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதன் தீனிக்கு நீ வளர்க்கும் கரப்பான் தொட்டி. யாகோவ், இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாம் இருந்த விடுதியில் என் கல்யாணச் சட்டைக் கைக்குள் கரப்பான் ஏறியதே, நான் கத்திய கத்தலில் சமையல்காரன் அண்டாவைக் கவிழ்த்தானே, ஞாபகம் இருக்கிறதா? அந்த நான் இன்று முந்நூறு கரப்பானுக்குக் காவல்! அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ தலையாட்டியதை மறந்துவிடாதே. செப்டம்பர் முடியும்வரை உன் வீட்டையும் ஓணானையும் பார்த்துக்கொள்கிறேன். அதற்குள் நீ நடந்துவிட்டால் திரும்பி வா, அப்புறம் உன் பாடு. ஆனால் கரப்பான் பெருகக்கூடாது. ஒரே ஒரு குஞ்சு என் கண்ணில் பட்டாலும், பார்பாவைப் பெட்டியில் போட்டு உனக்கு அனுப்பிவிடுவேன். வீட்டை விலைக்குக் கேட்டாரே, அந்த மெல்பர்ன்காரருக்குப் பேசி முடித்துவிடுவேன். நீ சாகும்வரை என்னோடு அடிலெய்டில் எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிட. டாக்டரே உன்னை இனி ஏணியில் ஏறாதே என்றுவிட்டார். சுரங்கத்தில் இறங்காதவனுக்கு இந்தப் பாலைவனத்தில் என்ன வேலை?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்மேல் கோபமும் பாசமும் உள்ள அக்கா,
யெல்கா


அடிலெய்டு,
20 மே

என் அக்காவுக்கு,

யாகோவ் எழுதுவது. தையல் பிரித்தாயிற்று. கோலூன்றி உன் வாசலிலிருந்து எலுமிச்சை மரம்வரை போய்வருகிறேன். சூப்பில் உப்புப் போடுவதை க்வென் பார்த்துவிட்டாள். அதற்கு இன்னும் விசாரணை நடக்கிறது. உன் முட்டிக்கு என் அலமாரியில் தைலம் இருக்கிறது, தேய்த்துக்கொள். ரத்த அழுத்த மாத்திரையை மறக்காதே.

பயப்படாதே. எல்லாம் ஆண்தான், அக்கா. சத்தியமாகச் சொல்கிறேன். நீ வருவதற்கு முந்தின வாரம் பந்தெலிஸுக்குச் சொல்லி அனுப்பிப் பிரிக்கவைத்தேன். ஒவ்வொன்றையும் மல்லாத்திப் பார்க்கவேண்டும். வயிற்றுக் கடைசியில் ஒரே அகலத் தகடாக இருந்தால் பெண், சின்னச் சின்னத் தகடாக முடிந்தால் ஆண். பெண்ணையெல்லாம் அவர் வீட்டுக் கோழிகளுக்குப் போட்டுவிட்டார். ஆணும் ஆணும் சேர்ந்தால் சண்டை பிறக்குமே தவிரக் குஞ்சு பிறக்காது.

ஆனாலும் ஜாக்கிரதையாக இரு. ஒரு பெண் தப்பியிருந்தால்கூட இந்த வகை முட்டையை வெளியே வைக்காது. வயிற்றுக்குள்ளேயே அடைகாத்துக் குஞ்சாக உதிர்த்துவிடும். அதற்குச் சூடு வேண்டும். நம் வீடு வருஷம் முழுக்க ஒரே வெதுவெதுப்பு, அதுதான் ஆபத்து. அதனால்தான் தொட்டியைக் காற்றுக் குழலுக்கு நேர் கீழே வைத்திருக்கிறேன். பாலைவனக் குளிர் அதன் வழியாக இறங்கும். குளிரில் அவை பெருகாது. தொட்டியை அங்கிருந்து நகர்த்தாதே. விளிம்பில் வாஸ்லின் பூசிவிடு, ஏறாது. தின்ன ஓட்ஸும், ஈரத்துக்குக் கேரட்டும் போதும்.

இன்னொன்று. ஊரில் எவன் உன்னிடம் "என்ன, ஏதாவது கிடைத்ததா?" என்று கேட்டாலும், "ஒண்ணுமில்ல, சும்மா செத்த கல்லுதான்" என்று சொல். நாங்கள் தோண்டும் ஓப்பல் ரத்தினத்தில் நிறம் ஓடாத வெறும் வெளுத்ததைத்தான் செத்த கல் என்போம். பட்டினி கிடப்பவனும் அதையேதான் சொல்வான், வாளி நிறைய நிறக் கல் அள்ளியவனும் அதையேதான் சொல்வான். பெண்டாட்டியிடம்கூட வேறு மாதிரி சொல்லமாட்டான். வாய் திறந்தால் மறுநாளே எவனாவது உன் குழிக்குள் இறங்கிவிடுவான்.

பார்பாவின் தாடையைத் தடவிக் கொடு. அதற்குப் பிடிக்கும்.

உன் தம்பி,
யாகோவ்


கூபர் பீடி,
8 ஜூன்

அன்புத் தம்பிக்கு,

நான் நலம், முட்டியும் நலம், ரத்த அழுத்தம் மட்டும் உன் கரப்பான்களால் ஏறி ஏறி இறங்குகிறது. நீ மரத்தைத் தாண்டி வேலிவரை நடக்கிறாயாமே, க்வென் எழுதியிருந்தாள். வேலிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்றும் எழுதியிருந்தாள். அவள் வீடு!

தம்பி, நான் ஒன்று சொல்வேன், நீ சிரிக்கக்கூடாது. இவற்றுக்குச் சண்டை போடத் தெரிகிறது! நேற்று மத்தியானம் டீயை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு கரப்பான்கள் தலையால் முட்டி, ஒன்றை ஒன்று புரட்டி, ஜெயித்தது காலை ஊன்றி நிமிர்ந்து நின்றதே பார்க்கணும்! அதற்கு நம் மாமா பெயரை வைத்திருக்கிறேன். அவர்தான் கல்யாண வீட்டில் இப்படி நிற்பார். காது கொடுத்துக் கேட்டால் கிறீச் கிறீச்சென்று சின்னதாகச் சத்தமும் போடுகிறது. டீ ஆறிப்போனதே தெரியவில்லை. என் புத்தி கெட்டுத்தான் போயிற்று.

பார்பா இப்போது என் கையிலிருந்தே வாங்கித் தின்கிறது. இடுக்கியை எடுத்தாலே ஓடிவருகிறது. "வாடா மகராசா, சாப்பிடு" என்று நான் சொல்ல, பின்னால் நின்று பந்தெலிஸ் கேட்டுவிட்டார். மானம் போயிற்று.

அவர் தினமும் வந்து, "என்ன யெல்கா, ஏதாச்சும் தெரியுதா?" என்று கேட்கிறார். "கல்லாவது மண்ணாவது! நான் ஓணானுக்குச் சோறு போட வந்தவ. நேத்து பூரா துணி துவைச்சேன், அதுக்கு முந்தின நாள் ரொட்டி சுட்டேன், எனக்கு எங்க நேரம்?" என்று உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. மறுநாள் தபால் நிலையத்தில் ஒருவர் என்னிடம் ரகசியமாக, "நல்லா இருக்கா?" என்கிறார். நீளமாகப் பதில் சொன்னதால் எனக்கு ஏதோ கிடைத்துவிட்டதாக ஊரே பேசுகிறதாம்! பைத்தியக்கார ஊர். உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள், பொய்யை ஒரே மாதிரி சொன்னால் நம்பிவிடுவார்கள்.

கேரட்தான் மதியத்துக்குள் காய்ந்து சுருங்கிவிடுகிறது. இரண்டு வேளை மாற்றுகிறேன்.

உன் அக்கா,
யெல்கா


அடிலெய்டு,
17 ஜூன்

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள். கேரட் ஏன் காய்கிறது? குழலுக்குக் கீழே வைத்தால் ரெண்டு நாள் ஆனாலும் பச்சையாகக் கிடக்குமே! தொட்டி எங்கே இருக்கிறது? அக்கா, உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன், தொட்டி எங்கே இருக்கிறது?

உனக்கு ஒரு குஞ்சு என்பது அருவருப்பு. எனக்கு அது என் வீடு. காலையில் கண் விழித்ததும் இங்கே ஜன்னலில் வெயில் அடிக்கிறது, கார் சத்தம், நாய் சத்தம். நான் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கே கிடப்பதாக நினைத்துக்கொள்கிறேன். தெரபிக்காரப் பெண், "எங்க தாத்தா போகணும், இவ்ளோ அவசரம்?" என்று கேட்கிறாள். வீட்டுக்கு என்கிறேன். வேறு என்ன சொல்ல?

உடனே தொட்டியை நகர்த்து. உடனே எழுது.

யாகோவ்


கூபர் பீடி,
12 ஜூலை

டேய் யாகோவ்,

நலமாவது நலம்! குஞ்சு! குஞ்சு! ஒன்று இல்லை, ஒன்பது இல்லை, எண்ண முடியவில்லை! அரிசி நொய் சிதறினாற்போல வெள்ளையாக, அவை ஒளிந்துகொள்ள நீ வைத்திருக்கும் கோழிமுட்டை அட்டை முழுக்க ஓடுகிறது. காலையில் மூடியைத் திறந்தவள் போட்ட சத்தத்தில் பந்தெலிஸ் கடப்பாரையோடு ஓடிவந்தார், பாறை சரிந்துவிட்டது என்று நினைத்து.

"எல்லாம் ஆண்தான்னு பிரிச்சீங்களே, எந்தக் கண்ணால பிரிச்சீங்க?" என்று கேட்டேன். மனுஷர் தலையைச் சொறிந்துகொண்டு, "கண்ணாடி உடைஞ்சு ஒரு வருஷம் ஆச்சு யெல்கா. யாகோவ் மனசு கஷ்டப்படுவான்னு சொல்லல. அகலமா சின்னதான்னு கையால தடவித்தான் பார்த்தேன்," என்கிறார்! கையால் தடவி! கோழிக்குப் போனதில் பாதி ஆணாக இருந்திருக்கும்.

சரி, நானும் சொல்லிவிடுகிறேன். தொட்டியை அடுப்புப் பக்கம் நகர்த்தியது நான்தான். ஒரு குளிர்க் காலையில் எல்லாம் காலைத் தூக்கிக்கொண்டு மரக்கட்டையாகக் கிடந்தன. செத்துவிட்டன என்று பயந்துபோனேன். பார்பா பட்டினி கிடக்குமே என்று கொஞ்சம் சூடு காட்டினேன், எழுந்துவிட்டன. அப்புறம் திரும்பக் குளிரில் வைக்க மனசு வரவில்லை. எனக்கே வெட்கமாக இருக்கிறது. கரப்பானுக்குப் பாவம் பார்த்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனாலும் பேச்சு பேச்சுதான். பெட்டியைக் கட்டிவிட்டேன். மெல்பர்ன்காரருக்குப் போன் பண்ணப் பந்தெலிஸிடம் சொல்லிவிட்டேன். இன்று முழுக்கத் தொட்டியைக் குளியல் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறேன். அட்டையை உதறினேன், மூடியைத் துடைத்தேன், அட்டை சாயாமல் முட்டுக் கொடுத்திருந்தாயே அந்தப் பாறைத் துண்டு, அதன் பொந்திலெல்லாம் குஞ்சு ஒளிந்திருந்தது, அதையும் குழாயடியில் பிடித்து நன்றாகக் கழுவி

இரு. அடுப்பில் என்னவோ வைத்திருக்கிறேன். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

13 ஜூலை

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஒரு சின்னச் சந்தேகம். அந்த முட்டுக் கல்லை எங்கிருந்து எடுத்தாய்? இரண்டாவது தொட்டிக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும். அதே மாதிரிதான் வேண்டும். சௌகரியமாக இருக்கிறது.

அவசரமில்லை. ஆனால் உடனே எழுது.

யெல்கா


அடிலெய்டு,
22 ஜூலை

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. முதல் பக்கத்தைப் படித்து அன்று முழுக்கக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. தெரபிக்குப் போகவில்லை. க்வென் கதவைத் தட்டிவிட்டுப் போனாள். நீ நலமா என்று கேட்கவேண்டும், கேட்கிறேன். நலமாக இரு.

வாக்குக் கொடுத்தேன், மீறமாட்டேன். வீட்டைப் பேசி முடி. பார்பாவைத் துணியில் சுற்றி அனுப்பு, குளிர் தாங்காது. பந்தெலிஸைத் திட்டாதே, பாவம், நான்தான் கேட்டிருக்கவேண்டும்.

கல்லைக் கேட்டாய். இரண்டாவது தொட்டி எதற்கென்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் கேட்டதற்குச் சொல்கிறேன். அது சமையலறைக்குப் பின்னால் இருக்கிற பாதி அறையிலிருந்து வந்தது. கோழி அடைக்கவா என்று கேட்டாயே, அந்த அறை. அத்தான் இறந்த வருஷம் உனக்காக வெட்ட ஆரம்பித்தேன். நீ தனியாக இருக்கிறாய், வந்து என்னோடு இரு என்று எழுதலாம் என்று நினைத்தேன். தையல் மிஷின் போட ஒரு மூலை, மேலே வெளிச்சம் வர ஒரு குழல், எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் அடிலெய்டு வந்தபோது, "எலிவளையில மனுஷி இருப்பாளா?" என்று நீ எல்லார் முன்னாலும் சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் கடப்பாரையை வைத்துவிட்டேன். கடைசியாகப் பெயர்த்த துண்டு காலடியில் கிடந்தது, தொட்டிக்கு முட்டுக் கொடுத்தேன். வேறு ஒன்றும் விசேஷம் இல்லை.

இதைச் சொல்லவேண்டும் என்று இருந்ததில்லை. வீடே போகப்போகிறது, சொன்னால் என்ன.

யாகோவ்


அடிலெய்டு,
18 ஆகஸ்ட்

அக்காவுக்கு,

நலமா? நிஜமாகவே கேட்கிறேன். நாலு வாரமாக ஒரு வரி இல்லை. எழுத உட்கார்ந்தால் எட்டுப் பக்கம் எழுதுகிறவள் நீ. பார்பா வரும் என்று பஸ் நிலையத்துக்கு இரண்டு தடவை க்வென் காரில் போய்ப் பார்த்தேன். "ஓணான் ஏதாச்சும் பார்சல் வந்திருக்கா?" என்று கேட்டால் கவுன்ட்டர்க்காரன் என்னை மேலும் கீழும் பார்க்கிறான்.

அறையைப் பற்றி எழுதியது உன் மனசைக் கஷ்டப்படுத்திவிட்டதா? மறந்துவிடு அக்கா. வீடு விற்றாயிற்றா? அதையாவது சொல். விற்றுவிட்டேன் என்று ஒரு வரி போதும். தெரியாமல் கிடப்பதுதான் பொறுக்கவில்லை.

கோலை விட்டுவிட்டேன். இப்போது வெறுங்கையோடு வேலிவரை போகிறேன். ஆனால் எதற்கு என்றுதான் தெரியவில்லை.

உன் தம்பி,
யாகோவ்


கூபர் பீடி,
30 ஆகஸ்ட்

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். பார்பா நலம். கோலை விட்டது சந்தோஷம்.

மெல்பர்ன்காரர் வந்து பார்த்தார். தொட்டியைத் திறந்து காட்டினேன். போய்விட்டார்.

கரப்பான் நன்றாக இருக்கிறது.

அந்த அறையைக் கொஞ்சம் பெரிதாக்குகிறேன். பந்தெலிஸ் உதவிக்கு வருகிறார். அவருக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று.

மற்றபடி இங்கே ஒன்றும் இல்லை. சும்மா செத்த கல்தான்.

யெல்கா


அடிலெய்டு,
6 செப்டம்பர்

அக்கா!

உன் கடிதத்தைப் படித்தேன். ரெண்டாவது தடவை நின்றுகொண்டு படித்தேன். மூன்றாவது தடவை க்வெனிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அவள், "இதுல என்ன இருக்கு யாகோவ்? உங்கக்காவுக்கு உடம்பு சரியில்லையோ? எவ்ளோ சின்னதா எழுதியிருக்கா!" என்கிறாள். நான் சமையலறை நடுவில் அவளைப் பிடித்துச் சுற்றினேன். இடுப்பு ஒரு வார்த்தை முனகவில்லை!

கரப்பானின் சண்டையை ஒரு பக்கத்துக்கு எழுதுகிறவள் என் அக்கா. மெல்பர்ன்காரரின் முகம் எப்படிப் போயிற்று என்று சொல்லாமல் விடுகிறவளா அவள்? பந்தெலிஸ் கேட்டதற்கு முந்தாநாள் சுட்ட ரொட்டியைக்கூட ஒளிக்கத் தெரியாதவள், எட்டு வரியில் கடிதத்தை முடித்து, கடைசியில் "சும்மா செத்த கல்" என்கிறாள்! இருபது வருஷம் அந்த ஊரில் இருந்தவனுக்கு இதற்கு மேல் என்ன சொல்லவேண்டும்?

நான் ஒன்றும் கேட்கமாட்டேன். செத்த கல் என்று கேள்விப்பட்டு மிகவும் வருத்தம். ரொம்ப ரொம்ப வருத்தம். வருத்தத்தில் நேற்று ராத்திரி தூக்கமே இல்லை.

டாக்டர், "ஏணி கூடாது, அவ்வளவுதான்" என்கிறார். சமையலறையிலிருந்து பின்னறைக்கு ஏணி எதற்கு?

21ஆம் தேதி ராத்திரி பஸ்ஸில் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

தன் வருத்தத்தைத் தாங்கமுடியாத தம்பி,
யாகோவ்


கூபர் பீடி,
14 செப்டம்பர்

என் தங்கத் தம்பிக்கு,

நலம், நலம், நலம்! நீயும் அப்படியே இரு, வழியில் எங்கேயும் விழுந்து தொலைக்காதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். இதையும் நீ அப்படியே செய். இத்தனை நாள் நான் எப்படி வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. கடிதம் எழுத உட்கார்ந்தால் கை தானாக ஓடும், கிழித்துப் போடுவேன். அப்படிக் கிழித்தது ஒரு மூட்டை. ரொட்டி பிசையும்போது சிரிப்பேன். சர்ச்சில் சிரித்துவிட்டு இருமினேன். பந்தெலிஸ் கேட்கிறார், "யெல்கா, நீங்க இப்படிப் பளபளன்னு இருந்தா ஊர்ல என்ன நினைப்பாங்க?" "முட்டி வலி போயிடுச்சுன்னு நினைச்சுக்கட்டும்" என்றேன். உண்மையில் போயும் விட்டது.

ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள், ஒரு பொம்பளைக்கு எத்தனை அறை வேண்டும் என்று. ஊருக்குள் சுரங்கம் வெட்டத்தானே கூடாது, வீட்டுக்கு அறை வெட்டலாமே! "துணி தைக்க ஒண்ணு, துணி மாட்ட ஒண்ணு" என்கிறேன். அவர்களும் நம்புவதுபோலத் தலையாட்டுகிறார்கள். எல்லார் வீட்டிலும் ஏதாவது ஒரு அறை இப்படித்தான் பெரிதாகியிருக்கிறது போல.

யாகோவ், அந்த அறையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கல்லைக் கழுவியபோது நான் பார்த்ததற்காக மட்டும் பெட்டியை அவிழ்க்கவில்லை. முதலில் அப்படித்தான் என்று நினைத்தேன். உன் கடிதம் வந்த பிறகு அந்தக் குகைக்குள் டயரையெல்லாம் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். சுவரில் நீ பென்சிலால் மிஷின் அளவுக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறாயே! இரண்டு கையையும் அகட்டி வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் உன்னைப் பார்த்துச் சிரித்தேனே என்று ஓவென்று அழுதேன். அதற்கப்புறம்தான் கடப்பாரையை எடுத்தேன். அந்தப் பென்சில் கோட்டை மட்டும் தொடவில்லை. அதற்குப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்தேன்.

மற்றபடி இங்கே செத்த கல்தான். வாளி வாளியாகச் செத்த கல். ஈரத் துணியால் துடைத்து லாம்புக்குக் கீழே வைத்தால், அடடா, எவ்வளவு செத்துக் கிடக்கிறது தெரியுமா! பச்சையும் சிவப்புமாகச் செத்துக் கிடக்கிறது!

எங்கே வைத்திருக்கிறேன் என்று பயப்படாதே. இந்த ஊரில் எந்தத் திருடனும் கையை நுழைக்காத இடத்தில். மேலே முட்டை அட்டை, அதற்கு மேலே நம் கரப்பான்கள். மெல்பர்ன்காரர் அந்தத் தொட்டியைத்தான் எட்டிப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு கார்வரை ஓடினார். அதனால் நம் ஒப்பந்தத்தை மாற்றியாயிற்று. ஆணாவது பெண்ணாவது! தொட்டியைத் திரும்ப அடுப்புப் பக்கம் வைத்துவிட்டேன். கேரட் இரண்டு வேளை போடுகிறேன். எவ்வளவு பெருகுமோ அவ்வளவு பெருகட்டும். பார்பா தின்று தின்று தொப்பை விழுந்துவிட்டது.

எலுமிச்சையை க்வென் பார்த்துக்கொள்வாள், கேட்டு வைத்திருக்கிறேன். அவளையும் கிறிஸ்துமஸுக்கு வரச் சொல். நீயே சொல், உனக்குத்தான் வேலிவரை வழி தெரியுமே. பஸ்ஸில் என் தையல் மிஷினை ஏற்றிக்கொண்டு வா. போர்வையில் சுற்று, ஊசியைக் கழற்றிவிடு.

முக்கியமான விஷயம். காலையில் பஸ் நிற்கும்போது பாதி ஊர் அங்கே நிற்கும். யாராவது உன்னைக் கேட்பார்கள். சிரித்துவிடாதே, தம்பி. உன் முகத்தை எனக்குத் தெரியும். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக இறங்கு. நானும் உன்னைத் திட்டிக்கொண்டேதான் நிற்பேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தும்வரைக்கும்தான்.

உன் அறைக்குப் பக்கத்து அறையிலிருந்து,
அக்கா யெல்கா